அமைச்சரின் விடையும் அதிகாரியின் பேனாவும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



நாடாளுமன்றம் பற்றி உரையாற்ற வேண்டும் என்று அழைத்தீர்கள். அதில் அதிகம் பேசப்படாத ஒரு மூலையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அரசு ஊழியர் நியமனம், காலிப் பணியிடம், பதவி உயர்வு, இடமாற்றம், இடஒதுக்கீடு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை பற்றி உறுப்பினர்கள் கேள்வி கேட்கிறார்கள். அமைச்சர் விடை தருகிறார். மறுநாள் செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஓர் எண்ணிக்கை வருகிறது. அத்தோடு பலர் அதை மறந்துவிடுகிறார்கள். இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களில் எத்தனையோ பேர் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள். உங்கள் வயதின் சில ஆண்டுகள் அந்த எண்ணிக்கைக்குள் அடைபட்டிருக்கின்றன. அதனால் இது உங்களுக்கு அந்நியமான பொருள் அல்ல.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஆட்சிப் பணி பற்றிய கேள்விக்கு அமைச்சர் தரும் விடை சரியான தகவலாக இருந்தால் மட்டும் போதாது. அந்த நிலைமைக்கு அரசு சொல்லும் காரணமும், அடுத்து எடுத்த முடிவும் அதில் இருக்க வேண்டும். காரணம் சொன்னால்தான் அதை மறுத்துப் பேச முடியும். முடிவைச் சொன்னால்தான் அது நிறைவேறியதா என்று பிறகு கேட்க முடியும். இவை இரண்டும் இல்லாத விடை அமைச்சரின் விடையே அல்ல. அலுவலகம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட குறிப்பு.

1. கேள்வி பிறந்த இடமும் ஓர் உடன்பாடும்

சட்டமன்றத்தில் கேள்வி கேட்கும் உரிமை 1892ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தால் வந்தது. மறு ஆண்டிலேயே முதல் கேள்வி பதிவாகிறது. கேட்டவர் பிங்கா மன்னர். அதிகாரிகள் சுற்றுப்பயணம் வந்து முகாமிடும்போது அவர்களுக்குப் பொருள் கொடுக்கும் கிராமத்துக் கடைக்காரர்கள் படும் துன்பம் பற்றிக் கேட்டார். வரியையோ போரையோ பற்றி அல்ல, அரசு ஊழியரின் நடத்தையைப் பற்றித்தான் இந்த மண்ணில் முதல் கேள்வி எழுந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது துணைக் கேள்வி கேட்க முடியாது. கிடைத்த விடையை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 1909 சீர்திருத்தம், கேள்வி கேட்டவருக்கு மட்டும் துணைக் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்தது. 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகு மற்ற உறுப்பினர்களுக்கும் அது கிடைத்தது.

விடுதலைக்குப் பின் அரசமைப்பின் 75(3)ஆம் உறுப்பு, அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்றது. அதிகாரி அவைக்குள் பேச முடியாது. அதிகாரிகளுக்கான மாடத்தில் அமர்ந்திருப்பார். துணைக் கேள்வி எதிர்பாராத திசையில் போனால் துண்டுச் சீட்டில் எழுதி அமைச்சருக்கு அனுப்புவார். தன்னைத் தற்காத்துக்கொள்ள அவைக்கு வர முடியாத ஒருவரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டக்கூடாது என்பது அவை மரபு. 311ஆம் உறுப்பு அவருக்குப் பணிப் பாதுகாப்பும் தருகிறது. துணிந்து கருத்துச் சொல்லும் ஆட்சிப் பணி நாட்டுக்கு வேண்டும் என்று 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் சர்தார் படேல் வாதாடினார்.

ஆக, இதில் ஓர் உடன்பாடு இருக்கிறது. அதிகாரி அவையில் மௌனமாக இருப்பார். அவர் பெயர் காக்கப்படும். அதற்கு ஈடாக அமைச்சர் வாய் திறந்து பொறுப்பேற்பார். இரண்டாவது பாதி நடக்காவிட்டால் முதல் பாதிக்கு நியாயம் இல்லை. அதிகாரியும் பேசவில்லை, அமைச்சரும் பொறுப்பேற்கவில்லை என்றால், ஆட்சிப் பணி யாருக்குமே பதில் சொல்ல வேண்டாத ஒன்றாகிவிடும்.

2. முந்த்ரா விவகாரம் கற்பித்தது

இந்த உடன்பாடு உண்மையில் சோதனைக்கு உள்ளானது 1957இல். அதன் நடுவில் இருந்தவர் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி, அன்றைய நிதியமைச்சர்.

ஆயுள் காப்பீட்டுக் கழகம் அப்போது தொடங்கி ஏறத்தாழ ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஹரிதாஸ் முந்த்ராவின் கட்டுப்பாட்டில் இருந்த ஆறு நிறுவனங்களின் பங்குகளை 1957 ஜூனில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு அது வாங்கியது. பாலிசிதாரர்களின் பணம். செப்டம்பரில் மக்களவையில் கேள்வி வந்தது. வந்த விடை சுருக்கமானது; கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் தராதது. கேள்வியின் சொற்கள் துல்லியமாக இல்லாதபோது, அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு விடை எழுதும் பழக்கம் அலுவலகங்களில் உண்டு. அன்று எழுதப்பட்டது அந்த வகை விடைதான். ஆனால் விஷயம் அடங்கவில்லை. டிசம்பரில் பெரோஸ் காந்தி ஆதாரங்களோடு அவையில் எழுந்து பேசினார். ஆளுங்கட்சி உறுப்பினர், அதிலும் பிரதமரின் மருமகன், தம் அரசின் நிதியமைச்சரைக் கேள்வி கேட்டார். நமது நாடாளுமன்ற வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் நாட்களில் அது ஒன்று.

நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் ஒரு நபர் விசாரணை ஆணையம் அமைந்தது. 1958 ஜனவரியில் பம்பாயில் விசாரணை நடந்தது. பொதுமக்கள் கூட்டம் கூட்டமாக வந்து கேட்டார்கள். அங்கே எழுந்த கேள்வியைப் பாருங்கள். பங்குகளை வாங்க அமைச்சர் ஒப்புதல் தந்தாரா? நிதித்துறையின் முதன்மைச் செயலர் எச்.எம். படேல், அமைச்சருக்குத் தெரிவித்துவிட்டேன் என்றார். தாம் ஒப்புதல் தரவில்லை என்பது அமைச்சரின் நிலை. அவையில் ஒரே குரலாகப் பேச வேண்டிய இருவர், விசாரணைக் கூடத்தில் எதிரெதிர் சாட்சிகளாக நின்றார்கள்.

சாக்ளா வந்து சேர்ந்த முடிவுகளில் இரண்டு இன்றைய பேச்சுக்கு முக்கியம். ஒன்று, செயலர் செய்த செயலுக்கு அரசமைப்பின்படி அமைச்சரே பொறுப்பு; அது என் அதிகாரி செய்தது, எனக்குத் தொடர்பில்லை என்று அவர் ஒதுங்க முடியாது. இரண்டாவது, இதைவிடக் குறைவாக நினைவுகூரப்படுவது: அமைச்சர்கள் நாடாளுமன்றத்தைத் தொடக்கத்திலேயே நம்பிக்கைக்குள் கொண்டுவர வேண்டும், தொடர்புள்ள எல்லா உண்மைகளையும் அதன் முன் வைக்க வேண்டும், அப்படிச் செய்தால் அவை வேறு வழிகளில் உண்மையை அறிந்துகொள்ளும்போது வரும் சங்கடம் நேராது. அதாவது செப்டம்பர் விடை முழுமையாக இருந்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். அதிகாரிகள் மீது விவியன் போஸ் தலைமையில் தனி விசாரணை நடந்தது. அரசுப் பணியிலிருந்து வெளியேறிய எச்.எம். படேல் 1977இல் ஜனதா அரசின் நிதியமைச்சராகவே வந்தார்.

டி.டி.கே.யின் விலகலுக்கு ஓராண்டுக்கும் சற்று முன்னர், 1956 நவம்பரில், நம் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதை இங்கே எல்லோரும் சொல்வார்கள். நானும் அதைப் போற்றுகிறேன். ஆனால் பதவி விலகலையே பொறுப்பின் அளவுகோலாக்கிக்கொண்டால் ஒரு தீங்கு நேர்கிறது. விலகும் அளவுக்குப் பெரிய தவறு இல்லாத இடத்தில் எந்தப் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடுகிறது. அன்றாட நிர்வாகத்தில் அமைச்சர் ஏற்க வேண்டிய பொறுப்பு, நடந்ததை முழுமையாகச் சொல்வதும் திருத்துவதும்தான். 1954இல் பிரிட்டனில், கிரிச்செல் டவுன் நில விவகாரத்தில் வேளாண் அமைச்சர் டக்டேல் விலகியபோது, உள்துறை அமைச்சர் மேக்ஸ்வெல் ஃபைஃப் இதை வகைப்படுத்திச் சொன்னார். தமக்குத் தெரியாமல் அதிகாரி செய்த தவறை அமைச்சர் ஆதரித்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் தவறு நடந்தது என்பதற்காக அவைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் அப்போதும் அவர்தான்.

3. ஒரு விடைத்தாளை அருகில் வைத்துப் பார்த்தல்

இனி இன்றைய விடைகளுக்கு வருவோம். மத்திய அரசின் பணியாளர் நலத்துறை 1970இல் அமைச்சரவைச் செயலகத்தில் உருவானது. 1977இல் உள்துறைக்குப் போனது. 1985இல் தனி அமைச்சகமானது. அன்று முதல் அது பிரதமரின் பொறுப்பில் இருக்கிறது. அவையில் பொதுவாக விடை தருபவர் இணையமைச்சர். உயர் பதவி நியமனங்களை முடிவு செய்வது பிரதமர் தலைமையிலான அமைச்சரவை நியமனக் குழு. முடிவெடுக்கும் இடத்துக்கும் விடை சொல்லும் இடத்துக்கும் இடையே தொடக்கத்திலேயே ஓர் இடைவெளி இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் 20, குறியிடாதவை 230. முன்னவற்றில் சிலவே நேரம் கிடைத்து வாய்மொழியாகப் பேசப்படுகின்றன. மற்றவை எல்லாம் தாளில் வரும் விடைகள். அவற்றுக்குத் துணைக் கேள்வி இல்லை. 1893இல் இருந்த நிலைமைதான்.

அந்தத் தாளின் அமைப்பு எப்போதும் ஒன்றே. உறுப்பினர் கேள்வியை (அ), (ஆ), (இ), (ஈ) என்று பிரித்துக் கேட்டிருப்பார். காலியிடம் எத்தனை, அதற்குக் காரணம் என்ன, எத்தனை ஆண்டுகளாகக் காலி, எப்போது நிரப்பப்படும். விடையோ ‘(அ) முதல் (ஈ) வரை’ என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தொடங்கும். கட்டிய பிறகு எந்தப் பகுதிக்கு விடை வந்தது, எந்தப் பகுதிக்கு வரவில்லை என்று கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் (அ)வுக்கு எண்ணிக்கை இருக்கும். காரணம், காலம் ஆகியவற்றுக்குப் பதிலாக ஒரு வாக்கியம் இருக்கும்: காலியிடங்கள் ஏற்படுவதும் நிரப்பப்படுவதும் தொடர்ந்து நடைபெறும் செயல்பாடு. ஆட்சிகள் மாறினாலும் அந்த வாக்கியம் மாறவில்லை.

2022 ஜூலையில் மக்களவையில் வந்த இரண்டு கணக்குகளை எடுத்துக்கொள்கிறேன். 2021 மார்ச் 1 நிலவரப்படி மத்திய அரசில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 40.35 லட்சம், அவற்றில் காலி 9.79 லட்சம். 2014 முதல் 2022 வரை மத்திய அரசு வேலைகளுக்கு வந்த விண்ணப்பங்கள் 22.05 கோடி, பரிந்துரைக்கப்பட்டவர்கள் 7.22 லட்சம். இவை சரியான தகவல்கள். மறைக்காமல் தந்ததற்காகத் துறையைப் பாராட்ட வேண்டும். நான்கில் ஒரு பங்கு நாற்காலி ஏன் காலி? ஒரு பணியிடம் காலியான நாளிலிருந்து தேர்வு அறிவிப்பு வரும் நாள் வரை கோப்பு எங்கெங்கே நிற்கிறது? இவற்றுக்கு விடை இல்லை. பத்து லட்சம் பேரை ஒன்றரை ஆண்டில் நியமிக்க வேண்டும் என்று அதற்கு முந்தைய மாதம்தான் பிரதமர் அறிவுறுத்தியிருந்தார். அப்படியானால் தொடர்ந்து நடைபெறும் செயல்பாடு போதவில்லை என்று அரசே உணர்ந்திருக்கிறது. அந்த உணர்வு விடைக்குள் வரவில்லை.

நல்ல விடை எப்படி இருக்கும் என்பதற்கும் அதே துறையிலிருந்தே எடுத்துக்காட்டுத் தரலாம். இந்திய ஆட்சிப் பணியில் 2022 ஜனவரி 1 நிலவரப்படி அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 6,789, பணியில் இருந்தவர்கள் 5,317, பற்றாக்குறை 1,472. ஏன் கூடுதலாக எடுக்கவில்லை என்று கேட்டபோது அமைச்சர் தரப்பு காரணம் சொன்னது. 2012ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து குடிமைப் பணித் தேர்வு மூலம் ஆண்டுக்கு 180 பேர் எடுக்கப்படுகிறார்கள். அதற்கு மேல் போனால் தரம் குறையும், முசூரி பயிற்சி நிலையத்தின் கொள்ளளவைத் தாண்டும், பதவி அடுக்கு சமன் குலையும் என்று பஸ்வான் குழு பரிந்துரைத்தது.

இந்தக் காரணத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. பயிற்சி நிலையத்தில் இடம் போதாது என்றால் கட்டடம் கட்டலாம். ஆனால் மறுத்துப் பேச எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது. உறுப்பினர் அடுத்த கேள்வியைக் கேட்க முடியும், நிலைக்குழு ஆராய முடியும், நீங்கள் ஓர் ஆய்வேடு எழுத முடியும். இது வெறும் ஏட்டுப் பிரச்சினையும் அல்ல. மத்திய அயல்பணிக்கு வரும் அதிகாரிகள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லித்தான் 2022 ஜனவரியில் ஐ.ஏ.எஸ். பணித்தொகுதி விதிகளைத் திருத்த மத்திய அரசு முனைந்தது. மாநிலத்தின் இசைவில்லாமல் அதிகாரிகளை எடுத்துக்கொள்ள அது வழி செய்யும் என்று தமிழக முதல்வர் உட்படப் பல முதல்வர்கள் எதிர்த்தார்கள். ஆண்டுதோறும் தாளில் வந்துகொண்டிருந்த ஒரு பற்றாக்குறை எண், கூட்டாட்சிச் சிக்கலாக வளர்ந்து நின்றது.

பிரதிநிதித்துவம் பற்றிய விடைகளிலும் இதே குறை. 2022 டிசம்பரில் வந்த கணக்கின்படி மத்தியப் பணியமர்த்தல் திட்டத்தில் இணைச் செயலர், செயலர் நிலைகளில் இருந்த 322 பேரில் பட்டியலினத்தவர் 16, பழங்குடியினர் 13, பிற பிற்படுத்தப்பட்டோர் 39, பொதுப் பிரிவினர் 254. அந்த நிலைக்கு அதிகாரிகளைத் தேர்ந்து பட்டியலில் சேர்க்கும்போது எந்தப் படியில் யார் கழிகிறார்கள் என்பதைச் சொன்னால்தான் அந்த எண் ஒரு விடையாகும்.

4. பொறுப்பை வெளியே தள்ளுதல்

பிரிட்டனில் 1988க்குப் பின் நிர்வாகப் பணிகள் பலவற்றைத் தனி முகமைகளிடம் கொடுத்தார்கள். அதன்பின் உறுப்பினர் அமைச்சரிடம் கேள்வி கேட்டால், முகமையின் தலைமை அதிகாரி கடிதம் எழுதுவார் என்று பதில் வந்தது. கடிதம் நூலகத்தில் வைக்கப்பட்டது. அவைப் பதிவில் இல்லாத விடை விடையாகாது என்று உறுப்பினர்கள் போராடிய பிறகு, 1992 முதல் அக்கடிதங்கள் அதிகாரப்பூர்வப் பதிவில் அச்சேறின. 1995இல் சிறையிலிருந்து கைதிகள் தப்பியபோது, கொள்கை என்னுடையது, நடைமுறை முகமையினுடையது என்று உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்ட் பிரித்தார். சிறைத்துறைத் தலைவர் டெரெக் லூயிஸ் நீக்கப்பட்டார். முதல் பகுதியில் சொன்ன உடன்பாடு அங்கே முறிந்தது.

நம்மிடமும் அந்தப் போக்கு உண்டு. மத்திய அரசு வேலைகளுக்குப் பொதுத் தகுதித் தேர்வு நடத்தத் தேசிய ஆள்சேர்ப்பு முகமை அமைக்க 2020 ஆகஸ்ட் 19 அன்று அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஒதுக்கிய தொகை 1,517.57 கோடி ரூபாய். 2022 தொடக்கத்தில் முதல் தேர்வு என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. அந்த ஆண்டு போய்விட்டது, தேர்வு நடக்கவில்லை. முகமையை நம்பி ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்கும் அலைச்சல் தீரும் என்று காத்திருந்த பிள்ளைகளுக்கு, ஏன் நடக்கவில்லை என்று அமைச்சர்தான் அவையில் நேராகச் சொல்ல வேண்டும்.

நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 110ஆம் விதியையும் ஒரு வரியில் தொட்டுச் செல்கிறேன். அதன்கீழ் அமைச்சர் அறிக்கை படிக்கலாம். அதன்மேல் விவாதம் கிடையாது. நியமன அறிவிப்புகளுக்கு அதைப் பயன்படுத்தும் பழக்கம் எந்தக் கட்சி ஆட்சியிலும் குறைய வேண்டும் என்பது என் கருத்து.

5. இரண்டு வாக்கியங்கள்

தகவல் கையில் இல்லாதபோது துறை இரண்டு விதமாக எழுதலாம். தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும் என்பது ஒன்று. இத்தகவல் மையமாகப் பராமரிக்கப்படுவதில்லை என்பது மற்றொன்று. கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் முதல் வாக்கியம் ஒரு வாக்குறுதி. மக்களவையின் அரசு வாக்குறுதிகள் குழு 1953 முதல் இயங்குகிறது. மாநிலங்களவைக்கு 1972 முதல் தனிக்குழு இருக்கிறது. எந்தெந்தச் சொற்கள் வாக்குறுதியாகும் என்று ஒரு பட்டியலே உண்டு. பரிசீலனையில் உள்ளது, நான் கவனிக்கிறேன், விசாரித்து வருகிறோம் ஆகியவை அதில் அடங்கும். சொன்ன நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இரண்டாவது வாக்கியத்தை எழுதினால் கோப்பு அன்றோடு மூடப்படுகிறது.

ஒப்பந்த ஊழியர் எத்தனை பேர், துறைவாரியாக ஒழுங்கு நடவடிக்கை எத்தனை ஆண்டுகளாக நிலுவை என்பன போன்ற கேள்விகளுக்கு அடிக்கடி வருவது இந்த இரண்டாவது வாக்கியம்தான். சம்பளம் கொடுக்கும் அரசிடம் சம்பளம் வாங்குவோரின் கணக்கு இல்லை என்றால், அதைத் தொகுக்க எவ்வளவு காலம் வேண்டும் என்றாவது சொல்லட்டும்.

குடிமக்களுக்கும் இதில் ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 8(1)(ஞ) பிரிவின்கீழ், நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைத் தனி மனிதருக்கும் மறுக்கக்கூடாது என்ற காப்பு வாசகம் இருந்தது. உறுப்பினரின் கேள்வி உரிமையோடு உங்கள் உரிமையைக் கட்டி வைத்த வாசகம் அது. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு அதை நீக்கிவிட்டது. ஓர் அதிகாரியின் நியமனம், சொத்து விவரம், ஒழுங்கு நடவடிக்கை பற்றி இனி நீங்கள் நேரடியாகக் கேட்டுப் பெறுவது கடினமாகும். உறுப்பினர் கேட்டு அமைச்சர் தரும் விடையின் எடை அதனால் இன்னும் கூடுகிறது.

6. என்ன செய்யலாம்

புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. (அ) முதல் (ஈ) வரை என்று கட்டும் வழக்கத்தை அவைத்தலைவர் ஓர் அறிவுறுத்தலால் நிறுத்தலாம். ஒவ்வொரு பகுதிக்கும் தனி விடை, விடை இல்லையென்றால் இல்லை என்ற சொல். அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு 323ஆம் உறுப்பு விதித்திருக்கும் ஒழுங்கு நமக்கு முன்மாதிரி. ஆணையத்தின் அறிவுரையை அரசு ஏற்காத ஒவ்வொரு நேர்விலும், ஏற்காத காரணத்தை எழுதி அவையில் வைக்க வேண்டும் என்கிறது அது. காரணம் எழுதும் கடமை அரசமைப்பிலேயே இருக்கிறது. அதைக் காலியிடக் கணக்குக்கும் நீட்டலாம்.

உறுப்பினர்களும் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். எத்தனை என்று மட்டும் கேட்டால் எண் மட்டும்தான் வரும். குறிப்பிட்ட ஒரு துறையை எடுத்து, காலியிட விவரம் தேர்வாணையத்துக்கு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்று கேட்டால், தேதியைத் தவிர வேறெதையும் விடையாக எழுத முடியாது. பணியாளர் துறைக்கான நிலைக்குழு முன் செயலர்கள் நேரில் வருகிறார்கள். அவையில் மழுப்பலாக வந்த விடையை அங்கே எடுத்துவைத்துக் கேட்கலாம்.

அரசு வாக்குறுதிகள் குழு ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது என் முக்கியமான வேண்டுகோள். காலியிடங்களை நிரப்புவது தொடர்ந்து நடைபெறும் செயல்பாடு என்ற வாக்கியத்தைத் தன் பட்டியலில் சேர்க்கட்டும். நடைபெறுகிறது என்று அமைச்சர் அவையில் சொன்னால், நடத்துவோம் என்ற உறுதியும் அதில் இருக்கிறது. சேர்த்துவிட்டால், மூன்று மாதத்தில் துறை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். எந்தப் பணியிடம் எந்த நாளில் காலியானது, அதற்கான கோப்பு இன்று எந்த மேசையில் இருக்கிறது, அது அங்கிருந்து எப்போது நகரும் என்று அமைச்சர் கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டியிருக்கும்.